முதல் 11 விநாடி: ரப்பர் விமானம் பறக்கவிடப் புதியவர்களை அழைத்து வருவது எப்படி

முறுக்கிய ரப்பரின் சக்தியில் கூடத்துக்குள் பறக்கும் சின்ன மாதிரி விமானம்தான் ரப்பர் விமானம். நான் முதன்முதலில் ஒரு பள்ளியில் அதற்குப் பயிற்சி நடத்தியபோது 22 பிள்ளைகள் வந்தார்கள். காலை 9 மணிக்கு உட்கார்ந்தோம். எனக்குப் பிடித்த விமானத்தையே எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். இறக்கையில் வளைந்த குறுக்குச் சட்டங்கள், வட்டமான முனை, மெல்லிய காகித உறை என்று பார்க்க அவ்வளவு அழகு. மாலை 4 மணிக்கு மூன்று பேரின் இறக்கைதான் முடிந்திருந்தது. எதுவும் பறக்கவில்லை. மிச்சத்தை அடுத்த வாரம் முடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள்.

தவறு முழுவதும் என்னுடையது. பிள்ளைகள் பொறுமை இல்லாதவர்கள் அல்ல. தன் கையால் கட்டியது காற்றில் நிற்பதைப் பார்க்காத ஒருவரிடம் பொறுமையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அதை ஒருமுறை பார்த்துவிட்டவர் ஒரு மாதம் உட்கார்ந்து குறுக்குச் சட்டம் வெட்டுவார். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைச் சுற்றித்தான் வருகிறது: வந்தவர், வந்த அன்றே, தானே கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கூடம் பார்ப்பது, பசை வாங்குவது, அழைப்பு எழுதுவது எல்லாவற்றையும் இந்த விதியை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஏன் ரப்பர் விமானம்?

கூடத்துக்குள் பறக்கவிட ரிமோட் விமானமும் உண்டு, ட்ரோனும் உண்டு. அவற்றின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் புதியவர் அவற்றை வாங்குகிறார், சார்ஜ் போடுகிறார், சுவரில் மோதுகிறார். மோதியதற்கு ஏன் என்று தெரியாது. ரப்பர் விமானம் மெதுவானது, நடந்து போகிற வேகத்தில் பறக்கும். முகத்தில் பட்டாலும் வலிக்காது. பேட்டரி கிடையாது. கையை விட்டபிறகு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்ததெல்லாம் கையை விடுவதற்கு முன்னால்தான். அந்த விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை வைத்து நாம் என்ன செய்தோம் என்று படித்துவிடலாம். இதைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு வம்சாவளியும் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் 1871 ஆகஸ்டு 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில், பார்வையாளர்கள் முன்னால், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். சுமார் 45 செ.மீ. இறக்கை, 16 கிராம் எடை. அது 11 விநாடி பறந்தது. அவர் வடிவமைத்த ரப்பர் ஹெலிகாப்டரைப் பின்பற்றிச் செய்த ஒரு பொம்மையைத்தான் 1878இல் மில்டன் ரைட் தன் மகன்கள் வில்பருக்கும் ஆர்விலுக்கும் வாங்கிவந்தார். அப்போது ஒருவனுக்கு 11 வயது, இன்னொருவனுக்கு 7. பொம்மை உடைந்ததும் இருவரும் தாங்களே புதிதாகச் செய்து பார்த்தார்கள். 25 ஆண்டு கழித்து என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த 11 விநாடியை நான் எல்லாப் பயிற்சியிலும் பலகையில் எழுதிவைக்கிறேன். புதியவரின் முதல் இலக்கு அதுதான், பெனோவைத் தாண்டுவது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு போட்டி வைத்தால் பாதிப் பேர் தோற்றுப்போவார்கள். 1871ஆம் ஆண்டோடு போட்டி வைத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் ஜெயிக்கலாம்.

முதல் படி: கூடம்

இறகுப்பந்து ஆடும் உள்ளரங்கம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். தொடக்க விமானம் 6 முதல் 8 மீட்டர் விட்டத்தில் வட்டமடிக்கும் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆடுகளம் இருந்தால் தாராளம். வலைகளைக் கழற்றிவிடுங்கள். பள்ளிக் கூட்ட அரங்கம், கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம் எல்லாமே போதும். உயரம் குறைவு என்று கவலைப்பட வேண்டாம். விமான விளையாட்டுகளுக்கான உலக அமைப்பான எஃப்ஏஐயே கூரை உயரத்தை வைத்துக் கூடங்களை நான்கு வகையாகப் பிரித்து (8 மீட்டர் வரை, 8 முதல் 15, 15 முதல் 30, அதற்கு மேல்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது. தாழ்வான கூரைக்கும் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு.

உயரத்தைவிட முக்கியம் காற்று. மின்விசிறி, ஏசி எதுவும் ஓடக்கூடாது. கதவு, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இது கொஞ்சம் கொடுமைதான். அதனால்தான் காலை 7 மணிக்கே ஆரம்பித்துவிடச் சொல்கிறேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் 10 மணிக்கு மேல் சூடேறிவிடும். அப்புறம் கூடத்துக்குள் காற்று தன் போக்கில் புரள ஆரம்பிக்கும்; காலையில் ஒழுங்காக வட்டமடித்த விமானம் சுவரைத் தேடிப் போகும்.

கூடத்தை முடிவு செய்யும் முன் ஒருமுறை நேரில் போய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி நடுவில் நின்று பாருங்கள். புகை நேராக மேலே போனால் நல்ல கூடம். ஒரு பக்கமாகச் சாய்ந்தால், எந்தக் கதவின் இடுக்கிலிருந்து காற்று வருகிறது என்று தேடி அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியே அண்ணாந்து பார்த்து என்னென்ன தொங்குகிறது என்று கணக்கெடுங்கள். தண்டு நீளமான மின்விசிறிகள், அலங்கார விளக்குகள், போன கல்யாணத்தின் தோரணம். நிறுத்தி வைத்த விசிறியின் இலையும் விமானத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாட்டிக்கொண்ட விமானத்தை இறக்க நீளமான ஒட்டடைக் கம்பு ஒன்று வேண்டும். நுனியில் மெத்தென்ற துணி சுற்றிக்கொள்ளுங்கள். கம்பு எட்டாத உயரத்துக்கு, நீள நூலில் கட்டிய ஹீலியம் பலூனை மேலே விட்டு நூலால் மெல்லத் தட்டி இறக்கலாம். பெரிய போட்டிகளில் விமானம் சுவர்ப் பக்கம் போகும்போது அதைத் திருப்பிவிடவும் இதே பலூன்தான். ஒன்று கவனம்: தெருவில் விற்கும் வாயு பலூனில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும், அது தீப்பிடிக்கும். ஹீலியம்தானா என்று உறுதிசெய்து வாங்குங்கள். விமானத்தை எடுக்க யாரும் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: யாரை, எப்படி அழைப்பது

"ஏரோமாடலிங் பயிலரங்கம்" என்று போட்டால், மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுவதைச் சொல்லும் அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்தவர்தான் வருவார். நான் இப்போது எழுதுவது இவ்வளவுதான்: "ஞாயிறு காலை 7 மணி. உங்கள் கையால் ஒரு விமானம் கட்டி, அன்றே பறக்கவிடுங்கள். எதுவும் கொண்டுவர வேண்டாம். 9 வயது முதல் எந்த வயதினரும் வரலாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துப் பெரியவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

பள்ளி என்றால் நேராகத் தலைமையாசிரியரிடம் போவதைவிட முதலில் அறிவியல் ஆசிரியரைப் பிடிப்பது நல்லது. ஒரு விமானத்தை அவர் மேசைமேலேயே பறக்கவிட்டுக் காட்டுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். "இதெல்லாம் படிப்புக்கு உதவுமா?" என்று கேட்டால், அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான சயின்ஸ் ஒலிம்பியாடில் ரப்பர் விமானம் ஒரு போட்டிப் பிரிவாகவே நடந்திருக்கிறது என்று சொல்லலாம். நம் ஊர் என்சிசி விமானப் பிரிவின் பாடத்திட்டத்திலும் ஏரோமாடலிங் உண்டு. அந்த மாணவர்கள் பக்கத்துக் கல்லூரியில் இருந்தால் உதவியாளர்களாகவும் கிடைப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி தாத்தாவும் பேத்தியும். தாத்தாவுக்கு நேரம் இருக்கும், கையில் பக்குவம் இருக்கும். பேத்திக்குக் கண் கூர்மை. தவறாமல் வருகிறவர்களும் இவர்கள்தான். பட்டம் கட்டத் தெரிந்தவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், தையல் தெரிந்தவர் எல்லோரையும் தேடிப்போய் அழையுங்கள். மெல்லிய பொருளைக் கசக்காமல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கலை பாதி கைவந்தது மாதிரி.

பெற்றோர் விஷயத்தில் ஓர் அனுபவம். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பிளேடு அவர்கள் கைக்குப் போய்விடும். பத்தாவது நிமிடத்தில் பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். திட்டுவதில் பயனில்லை. அவர்களுக்கும் ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். பெரியவருக்கும் தனியாக ஒரு கிட் (கட்டத் தேவையான பொருள்களின் தொகுப்பு) கொடுத்து அடுத்த மேசையில் உட்கார வையுங்கள். இரண்டு பேருமே உங்கள் ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

முதல் தடவை 12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். நான்கு பேருக்கு ஓர் உதவியாளர் இருந்தே ஆக வேண்டும். 40 பேரை வரவைத்துப் படம் எடுக்கலாம், ஆனால் விமானம் பறக்காது.

மூன்றாம் படி: கிட்

அமெரிக்காவின் ஏரோமாடலிங் அமைப்பான ஏஎம்ஏவில் இருந்த ஃபிராங்க் ஈலிங் என்பவர் டெல்டா டார்ட் என்றொரு எளிய விமானத்தை வடிவமைத்தார். அதில் வரைபடமே உறைக் காகிதம். காகிதத்தில் உள்ள கோட்டின் மேல் குச்சியை ஒட்டி, ஓரத்தை வெட்டினால் இறக்கை தயார். குறுக்குச் சட்டம் இல்லை, வளைவு இல்லை. இந்த ஒரு யோசனையால் மேசையில் உட்காரும் நேரம் ஒரு நாளிலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. நான் செய்வதும் அதன் வழியில்தான். அளவுகள் என் அனுபவத்தில் வந்தவை.

உடல் 30 செ.மீ. பால்சா (மிக லேசான ஒரு மரம்) குச்சி, 3 × 6 மி.மீ. இறக்கை 30 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம், வால் 15 செ.மீ. நீளம். இரண்டுக்கும் சட்டம் 3 மி.மீ. சதுரக் குச்சி. முன்னால் 15 செ.மீ. பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர், அதைத் தாங்கும் கொக்கியோடு. ரப்பரையும் சேர்த்து எல்லாம் 10 கிராமுக்குள் இருக்கட்டும். உறைக்குப் பட்டம் கட்டும் காகிதமே போதும். அது கீழே உள்ள கோடு தெரிகிற அளவுக்கு மெல்லியது. வரைபடத்தின் மேல் விரித்து நான்கு மூலையில் டேப் ஒட்டினால் அச்சடிக்கும் வேலையே இல்லை.

பால்சாவைத் தகடாக வாங்கி இரும்பு ஸ்கேலும் பிளேடும் வைத்து நீங்களே குச்சியாகக் கீறிக்கொண்டால் செலவு நிறையக் குறையும். தென்னை ஈர்க்கு சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பட்டத்துக்கு அது அருமை, ஏனென்றால் பட்டத்தைக் காற்று தாங்குகிறது. காற்றில்லாத கூடத்தில் ஈர்க்கின் எடையை ரப்பர்தான் சுமக்க வேண்டும். பால்சாவோடு நில்லுங்கள்.

முந்தின நாள் இரவே செய்துவைக்க வேண்டிய மூன்று வேலைகள்: குச்சிகளைச் சரியான நீளத்துக்கு வெட்டுவது, ப்ரொப்பெல்லர் தாங்கியையும் பின் கொக்கியையும் உடலில் பொருத்தி வைப்பது, ரப்பரை வெட்டி முடிச்சுப் போட்டு வளையமாக்கி எண்ணெய் தடவிப் பையில் போடுவது. வந்தவர் இறக்கையும் வாலும் கட்டட்டும். "நான் கட்டினேன்" என்று சொல்ல அது போதும். கொக்கி வளைக்கும் சிரமம் இரண்டாவது விமானத்தில் வரட்டும்.

நான்காம் படி: அந்தக் காலை

இந்த நாளின் எதிரி பசை காயும் நேரம். சூப்பர் க்ளூ உடனே பிடிக்கும், ஆனால் விரலையும் சேர்த்துப் பிடிக்கும், கண்ணுக்கும் ஆபத்து. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே மாட்டேன். ஃபெவிகால் பாதுகாப்பானது, ஆனால் காய நேரம் எடுக்கும். அதனால் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன்: ஒட்டுவதெல்லாம் முதலில், பேசுவதெல்லாம் அது காயும்போது.

7 மணிக்கு வந்தவுடன் அறிமுகப் பேச்சு எதுவும் வேண்டாம். ஒரு தயார் விமானத்தை ஒருமுறை பறக்கவிட்டுக் காட்டுங்கள். 20 விநாடி போதும். 7.05க்கு எல்லோர் கையிலும் குச்சி இருக்க வேண்டும். பசையைத் தீக்குச்சி நுனியால் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். புதியவர்கள் எல்லோரும் பசையை அள்ளித்தான் வைப்பார்கள். அதிகப் பசை காயாது, எடையும் கூட்டும், காகிதத்தைச் சுருக்கவும் செய்யும். 7.40க்கு இறக்கையும் வாலும் ஒட்டி முடிந்துவிடும்.

காய்கிற அரை மணி நேரம்தான் பலர் ஆர்வம் இழக்கும் நேரம். அப்போது கையில் கொடுக்க ஒன்று வைத்திருக்கிறேன். 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள மெல்லிய காகிதத் துண்டு. ஒரு நீள விளிம்பை மேல்பக்கமும் இன்னொன்றைக் கீழ்ப்பக்கமும் மடக்கி, இரு முனைகளையும் நிமிர்த்திவிட்டு, உயரத்திலிருந்து விட்டால் அது உருண்டுகொண்டே மெதுவாக இறங்கும். அதன் பின்னால் பெரிய அட்டை ஒன்றைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தால், அட்டை தள்ளும் காற்று மேலே எழுந்து காகிதத்தை விழாமல் தாங்கும். தொடாமலே கூடத்தைச் சுற்றிவரலாம். பருந்து மலைச்சரிவில் சிறகடிக்காமல் நிற்பதும் இதே மாதிரி மேலேறும் காற்றில்தான். காற்றுக்கும் ஓர் உடல் இருக்கிறது என்பது இந்த விளையாட்டில் புரிவதுபோல எந்தப் படத்திலும் புரிந்ததில்லை. பெனோ கதையையும் இப்போதே சொல்லிவிடலாம்.

8.15க்குக் காகிதத்தின் ஓரங்களை வெட்டி, இறக்கையை நடுவில் மெதுவாக ஒடித்து, இரு முனைகளும் 4 செ.மீ. உயரும்படி வைத்து ஒட்ட வேண்டும். இந்த மேல்நோக்கிய மடிப்புதான் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிரக் காரணம். இந்த ஓர் ஒட்டுக்கு மட்டும் உதவியாளர் சூப்பர் க்ளூ சொட்டு வைக்கலாம். இறக்கையை உடலோடு நிரந்தரமாக ஒட்டக் கூடாது. சின்ன ரப்பர் பேண்டால் கட்டினால் முன்னும் பின்னும் நகர்த்த முடியும். அந்த நகர்த்தல்தான் அடுத்த அரை மணி நேரத்தின் பாடம்.

ஐந்தாம் படி: முறுக்கு

ரப்பர் வளையத்தை ப்ரொப்பெல்லர் கொக்கியிலும் பின் கொக்கியிலும் மாட்டிவிட்டு, முன்னால் இருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லரைக் கடிகார முள் சுற்றும் திசையில் விரலால் சுற்ற வேண்டும். முதலில் 50 சுற்று. தோள் உயரத்தில் பிடித்து, எறியாமல், நடக்கிற வேகத்தில் முன்னால் வைத்துவிட வேண்டும். "விடு, தள்ளாதே" என்று ஒவ்வொருவருக்கும் பத்து முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். 50 சுற்றில் ஒழுங்காகப் போனால் 100, அப்புறம் 150. 11 விநாடியைத் தாண்ட ஏறக்குறைய 200 சுற்று வேண்டியிருக்கும். விரலால் 200 சுற்றுவது அலுப்புதான், ஆனால் முதல் நாள் விரலாலேயே சுற்றட்டும். ரப்பர் இறுகுவது விரலுக்குத் தெரியும்.

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மளிகைக் கடை ரப்பர் பேண்டு வேண்டாம். இதற்கென்றே வரும் 3 மி.மீ. பட்டை ரப்பரை ஹாபி கடையில் வாங்குங்கள், அதில் தேங்கும் சக்தியே வேறு. அதற்குச் சிலிக்கோன் எண்ணெய் தடவ வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்துக் கடை கிளிசரின் போதும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கூடவே கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். வெயிலும் சூடும் படாமல் மூடிய பையில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு: ரப்பரை விமானத்திலிருந்து கழற்றி ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையைக் கைத் துரப்பணத்தில் மாட்டிய கொக்கியில் கோத்து, நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுங்கள். பாதிச் சுற்றுகளை இழுத்த நிலையிலேயே ஏற்றி, மீதியை ஏற்றிக்கொண்டே மெல்ல நெருங்கி வர வேண்டும். இப்படி ஏற்றினால் சும்மா வைத்து முறுக்குவதைவிட மிக அதிகச் சுற்று தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று தெரிய ஒரு ரப்பரைப் பலி கொடுங்கள்: அறும்வரை முறுக்கி எண்ணுங்கள், அடுத்தவற்றை அதில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். முறுக்குபவரும் பிடிப்பவரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், அறுந்த ரப்பர் கண்ணைத் தேடி வரும்.

ஆறாம் படி: பறக்காதபோது

முதல் முயற்சியில் பாதி விமானங்கள் விழும். உதவியாளர்கள் தாங்களே சரிசெய்து கொடுக்க ஓடுவார்கள். அவர்கள் கைகளைக் கட்டிப்போடுங்கள். "என்ன செய்தது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். புதியவர் பார்த்ததைச் சொல்லட்டும்.

மூக்கைத் தூக்கி, நின்று, தொப்பென்று இறங்கி, மறுபடி தூக்கி, அலையில் ஆடும் படகு மாதிரி போகிறதா? இறக்கையை அரை செ.மீ. பின்னால் நகர்த்து, இல்லாவிட்டால் மூக்கில் ஒரு மிளகளவு களிமண் ஒட்டு. நேராகத் தரையைப் பார்த்துப் போகிறதா? இறக்கையை முன்னால் நகர்த்து. முறுக்கு இருக்கும்போது மட்டும் ஆடி, முறுக்கு தீர்ந்ததும் அழகாக இறங்குகிறதா? அப்படியென்றால் இறக்கையைத் தொடாதே. ப்ரொப்பெல்லர் தாங்கியைத் துளி கீழ்நோக்கி வளை.

வட்டம் இடப்பக்கமாகவே இருக்கட்டும். ப்ரொப்பெல்லர் ஒரு திசையில் சுழலும்போது உடல் எதிர்த்திசையில் சாயப் பார்க்கும், அது இடப்பக்கம். அந்தச் சாய்வோடு ஒத்துப்போவது சுலபம். செங்குத்து வாலின் (வால் பகுதியில் நிமிர்ந்து நிற்கும் துண்டின்) பின் விளிம்பை இடப்பக்கம் லேசாக வளைத்தால் போதும். வட்டம் இறுகிச் சுருண்டு விழுந்தால், இட இறக்கையின் பின் விளிம்பை ஒரு மி.மீ. கீழே முறுக்கிவிடுங்கள், உட்பக்க இறக்கை நிமிரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். இரண்டை மாற்றிவிட்டு நன்றாகப் பறந்தால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

பறந்த விநாடிகளைப் பலகையில் எழுதுங்கள். ஒருவரின் வரிசை 3, 5, 4, 9, 14 என்று போகும். 14 விழும்போது அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஞாயிறு காலை எழுகிறேன்.

ஏழாம் படி: வீட்டுக்குப் போகும் வழி

இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. கூடத்தில் பறந்த விமானங்களில் பல வீடு போய்ச் சேர்வதே இல்லை. ஸ்கூட்டர் பின்சீட்டில் கையில் பிடித்துக்கொண்டு போனால் முதல் வளைவிலேயே காற்று இறக்கையைக் கிழித்துவிடும். வீட்டில் அழுகை, அப்புறம் அந்தப் பிள்ளை வராது. ஜவுளிக்கடையில் கேட்டால் புடவை, சட்டை வரும் அட்டைப்பெட்டிகளைச் சும்மாவே கொடுப்பார்கள். இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் படுக்க வைத்து, கூடவே இரண்டு உதிரி ரப்பர், ஒரு சிட்டிகை களிமண், சரிசெய்யும் முறைகளை எழுதிய துண்டுக் காகிதம் வைத்து அனுப்புங்கள். மூடியில் பெயரும் அன்றைய சிறந்த நேரமும் எழுதுங்கள். கடலோர ஊர்களில் ஈரக் காற்றால் காகிதம் தொய்ந்து இறக்கை முறுக்கிக்கொள்ளும், அதற்கும் மூடிய பெட்டிதான் மருந்து.

எட்டாம் படி: இரண்டாவது ஞாயிறு

முதல் நாள் முடிவதற்குள் அடுத்த தேதி பலகையில் இருக்க வேண்டும். "சொல்லி அனுப்புகிறோம்" என்றால் முடிந்தது கதை. இரண்டு வாரம் சரியான இடைவெளி. ஒரு மாதம் ஆனால் ஆறிவிடும்.

இரண்டாவது நாள் புதிய விமானம் வேண்டாம். அதே விமானம், கைத் துரப்பணம், நல்ல முறுக்கு, இலக்கு 30 விநாடி. மூன்றாவது தடவை ஒரு நிமிடம். இதற்குள் சிலர் தாங்களே வால் அளவை மாற்றியிருப்பார்கள், எடையைக் குறைக்கக் குச்சியைத் தேய்த்திருப்பார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இரண்டாவது விமானம் அவர்களுக்குத்தான்.

அந்த இரண்டாவது விமானத்துக்கு நான் பரிந்துரைப்பது பென்னி பிளேன். அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் நாணயத்தின் எடையான 3.1 கிராமுக்குக் குறையக் கூடாது, இறக்கை 18 அங்குலத்துக்கு மிஞ்சக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. நம் ஊரில் இப்போது புழங்கும் புதிய சின்ன ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய அதே எடைதான். அதை உள்ளங்கையில் வைத்து, "இவ்வளவு எடையில் இரண்டு சாண் இறக்கையுள்ள விமானம் கட்ட வேண்டும்" என்று சொன்னால் அந்தக் கண்களில் ஒரு கணக்கு ஓடுவது தெரியும். இங்கே வளைந்த குறுக்குச் சட்டமும் மெல்லிய உறையும் வரட்டும். என் முதல் பயிற்சியில் நான் அவசரப்பட்டுக் கொடுத்ததெல்லாம் இப்போது அவர்களே கேட்டு வாங்கும் பொருளாகிவிட்டது.

கூடத்துக்குள் பறக்கும் ரப்பர் விமானங்களின் உலகப் போட்டி வகையான எஃப்1டி விமானங்களின் காணொளியையும் இந்தக் கட்டத்தில்தான் காட்டுவேன். 55 செ.மீ. இறக்கை, வெறும் 1.4 கிராம் எடை, 0.4 கிராம் ரப்பர். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரில் பூமிக்கு அடியில் இருக்கும் உப்புச் சுரங்கத்தில் உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன. அசையாத காற்று, மழை வெயில் எட்டாத இடம், 50 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே இந்த விமானங்கள் 20 நிமிடத்துக்கு மேல் மிதக்கும். இதை முதல் நாளே காட்டினால் புதியவருக்குத் தன் 14 விநாடி சின்னதாகத் தெரியும். பென்னி பிளேனில் கைவைத்த பிறகு காட்டினால், 1.4 கிராம் என்ற எண்ணைக் கேட்டதும் மூச்சை இழுப்பார்கள், ஏனென்றால் 3.1 கிராம் எவ்வளவு கடினம் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும்.

நான்காவது தடவை புதிதாக ஒரு 12 பேரை அழையுங்கள். இந்த முறை நீங்கள் பசை மேசைக்குப் போகாதீர்கள். முதல் கூட்டத்தில் 11 விநாடியைத் தாண்டியவர்களில் மூன்று பேரை ஆளுக்கு நான்கு பேர் என்று உட்கார வையுங்கள். 10 வயதுப் பெண் ஒருத்தி 60 வயதுக்காரருக்குப் பசை எவ்வளவு தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள், "விடுங்க தாத்தா, தள்ளாதீங்க" என்பாள். நீங்கள் சுவரோரம் ஒட்டடைக் கம்போடு நின்றால் போதும்.